கடைசி நாள், முப்பத்தொன்பதாவது

"வருஷத்த முடிச்சு வைங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று லல்லாவுக்கு இரண்டு பேரும் ஒரு பலகையும் சொல்லியிருந்தார்கள். எஜமானி பிலின்னா, "சபைப் பக்கம் போய் இந்தப் பேச்ச எடுத்தேன்னு தெரிஞ்சுது, நாக்க இழுத்து வெச்சு நூல் சுத்திருவேன்" என்றிருந்தாள். கல்வெட்டு வெட்டுகிற மோக்கோஸ், "நீ கேட்டு அவங்க முடிக்கிறதா இருந்தா, நான் ஏன் உளிய மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்" என்றிருந்தான். பலகை, சபை மண்டபத்து வாசலில் தொங்கியது. வெள்ளையடித்த மரத்தில் கரி எழுத்து: "வருஷம் எப்போது முடியும் என்று சபையை யாரும் கேட்கலாகாது. கேட்பவர் வருஷத்தை அவமதித்தவர் ஆவார்."

அன்று கடைசி நாள், பத்தொன்பதாவது. லல்லா பலகையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

குமாஸ்தா மிக்கியோன் வறுத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யார் வருஷத்த?"

"ஊர் வருஷத்ததான் ஐயா."

"அது இந்த மேசைல இல்லம்மா."

"எந்த மேசைல இருக்கு?"

"எந்த மேசைலயும் இல்ல. வருஷம் சபையோடது. மனுவாத்தான் குடுக்கணும்."

"நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

"எழுதலாம்." மிக்கியோன் ஒரு கடலையை வாயில் போட்டார். "மனுவோட முதல் வரி எப்படி ஆரம்பிக்கும்?"

"இன்னார் மாலைத்தலைவரா இருக்கிற வருஷத்துலன்னு ஆரம்பிக்கும்."

"எந்த இன்னார்?"

"கடவுள்."

"கடவுளோட பதவிக்காலம் பத்தொம்பது நாளுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சே."

"அப்ப வருஷமும் முடிஞ்சுபோச்சுதானே?"

"பதவி முடிஞ்சுபோச்சு. வருஷம் முடியல. புது மாலைத்தலைவர் வந்தாத்தான் வருஷம் முடியும். அதுவரைக்கும் இந்த நாளுக்குப் பேரில்ல. பேரில்லாத நாள்ல நான் மனு வாங்கினா, எந்த வருஷத்துல வாங்கினேன்னு நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க. வருஷம் பொறந்ததும் வாங்கம்மா."

"வருஷம் பொறக்கணும்னுதான் மனுவே."

"அதத்தான் நானும் சொல்றேன். பொறந்ததும் வாங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவர் செருப்புத் தைக்கிற முதலாளி. அவருடைய அடிமை பன்னிரண்டாவது கடைசி நாளன்று ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டான். முழங்கால் ஆழ ஆறுதான். எதிர்க்கரையில் தெலோசா நகரம். அங்கே அவன் யாருக்கோ ஆடு கழுவிக்கொண்டிருப்பது இந்தக் கரையிலிருந்தே தெரிந்தது. முதலாளி கத்தினால் அவன் கையசைப்பான். ஆனால் தெலோசாக்காரர்கள், ஆர்கிலேயா சபையின் முத்திரையும் தேதியும் போட்ட கடிதம் இல்லாமல் யாரையும் திருப்பித் தர மாட்டார்கள். முதலாளி ஏழாவது முறையாக அந்தக் கடிதம் கேட்டு வந்திருந்தார்.

"வருஷம் பொறந்ததும் வாங்க" என்றார் மிக்கியோன்.

*

ஆர்கிலேயாவில் வருஷத்துக்கு எண் கிடையாது, ஆள் பெயர்தான். வருஷம் பிறக்கும் நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தலையில் இலைமாலை வைத்துக்கொள்வார். அவர் மாலைத்தலைவர். அந்த வருஷம் அவர் பெயரால் வழங்கும். கல்யாணம், விற்பனை, சண்டை, சாவு, எல்லாம் இன்னார் வருஷத்தில் நடந்ததாகக் கல்லில் ஏறும். பதிலுக்கு அவர் வருஷம் முழுக்க ஊருக்குச் சோறு போட வேண்டும். திருவிழாவுக்கு எருது, உடற்பயிற்சிக்கூடத்துக்கு எண்ணெய், மழை வராவிட்டால் ஒரு விருந்து, வந்துவிட்டால் ஒரு விருந்து.

தங்கள் பெயர் ஆயிரம் வருஷம் கல்லில் நிற்க வேண்டும் என்பதில் ஆர்கிலேயாவின் பணக்காரர்களுக்கு ஆசை உண்டு. எருது வாங்குவதில்தான் ஆசை இல்லை. ஆகவே மூன்று வருஷமாக ஒருவரும் முன்வரவில்லை. அப்படி யாரும் வராவிட்டால் மாலை ஊர்க்கடவுள் அப்போலோனின் சிலைக்குப் போகும், செலவு கோவிலுக்குப் போகும். கடவுளின் முதல் வருஷம், கடவுளின் இரண்டாவது வருஷம், கடவுளின் மூன்றாவது வருஷம் என்று போயிற்று. கோவில் பூசாரி இளைத்துப்போனார்.

நான்காவது வருஷத்துக்கும் ஆள் இல்லை. பெயர் இல்லாமல் வருஷம் பிறக்க முடியாது. அதனால் சபை ஒரு காரியம் செய்தது. வருஷத்தின் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலையில் பலகையில் "கடைசி நாள், இரண்டாவது" என்று எழுதியது. அதற்கு மறுநாள் "கடைசி நாள், மூன்றாவது."

தெலோசாவில் புது வருஷம் பிறந்து அத்திமரம் இலை விட்டிருந்தது. இங்கேயும் அத்திமரம் இலை விட்டது, சபையின் அனுமதி இல்லாமல். புது வருஷத்தின் முதல் நாளில் கல்யாணம் வைத்திருந்த வீட்டில் தினமும் எள்ளுப் பணியாரம் சுட்டார்கள். தினமும் மாப்பிள்ளையே தின்றான். கல்யாண அங்கி அவனுக்கு இரண்டு முறை பிரித்துத் தைக்கப்பட்டது.

நிலவுதான் மிகவும் தொல்லை கொடுத்தது. கடைசி நாளில் நிலவு தெரியக்கூடாது, அது மாத முடிவு. ஆனால் பதினைந்தாவது கடைசி நாளன்று தாம்பாளம் மாதிரி முழு நிலவு வந்து நின்றது. சபை அவசரமாகக் கூடியது. சபைத்தலைவர் லைகோர்த்தாஸ் பேசினார். அவர் குரல் நல்ல குரல். அந்தக் குரலில் சொல்வதற்கு விஷயம் தேவைப்பட்டதில்லை.

"நண்பர்களே, நிலவு சபையைக் கலந்துகொள்ளாம முந்திக்கிட்டுப் போயிருச்சு. இது மொதல் தடவ இல்ல. நம்ம முன்னோர்கள் பொறுத்துக்கிட்டாங்க, நாமளும் பொறுத்துக்குவோம். ஆனா ஒண்ணு. நிலவுக்காக நாம நாள மாத்திக்கிட்டோம்னா, நாளைக்கு ஓநாயும் கொக்கும் வந்து இங்க ஓட்டுக் கேக்கும்."

நிலவு திரும்பி வரும்வரை யாரும் அதை நிமிர்ந்து பார்க்க வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதைக் கல்லில் வெட்ட முடியவில்லை. முதல் வரிக்குப் பெயர் இல்லை. மோக்கோஸின் பட்டறையில், இழைத்து, எழுத்தில்லாமல் வழுவழுவென்று விடப்பட்ட பதினோரு கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன. பன்னிரண்டாவதாக இதற்கான கல்லும் போய்ச் சேர்ந்தது.

*

லல்லாவைப் பற்றிய கல் ஒன்று கோவில் சுவரிலேயே இருந்தது, வடக்குப் பக்கம், கீழிருந்து நான்காவது வரிசை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒன்பது வருஷமாக நூல் நூற்றுச் சேர்த்த காசைப் பிலின்னா வாங்கிக்கொண்டு அவளை விடுதலை செய்தபோது வெட்டியது. அப்போது அவளுக்கு எழுத்துத் தெரியாது. மோக்கோஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, விரலால் தடவித் தடவி, அந்தக் கல்லிலேயே எழுத்துப் பழகினாள். அவள் ஆத்தாளுக்கும் தெரியாது, ஆத்தாளின் ஆத்தாளுக்கும் தெரியாது. அந்த வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள். படித்த முதல் பாடம், தான் யாருக்குச் சொந்தம் என்பது.

"பிலின்னா தன் அடிமை லல்லாவைக் கடவுளிடம் ஒப்படைத்து விடுதலை செய்தாள். லல்லா மூன்று வருஷம் பிலின்னாவிடம் தங்கி, சொன்ன வேலையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். அதற்குள் பிறக்கும் பிள்ளை பிலின்னாவுக்குச் சொந்தம். மூன்றாவது வருஷத்தின் கடைசி நாள் முடிந்தபின் லல்லா விரும்பிய இடத்துக்கு விரும்பியபடி போகலாம்."

அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. தகப்பன் ஒரு கப்பல்காரன். அவன் இந்தக் கதையில் வர மாட்டான், அவள் வாழ்க்கையிலும் திரும்ப வரவில்லை. மருத்துவச்சி வயிற்றை அழுத்திப் பார்த்து, "புது வருஷம் பொறந்து அம்பது நாள் கழிச்சு வலி எடுக்கும்" என்றாள். லல்லா விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். ஐம்பது நாள் மிச்சம். பிள்ளை யாருக்கும் சொந்தமில்லாமல் பிறக்கும்.

அந்த ஐம்பதிலிருந்துதான் சபை ஒவ்வொரு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

*

இருபத்தாறாவது கடைசி நாளன்று, கடவுளுக்கே நான்காவது முறையாக மாலையைக் கொடுத்துவிடலாம் என்று சபை கூடியது. பிலின்னாவின் கம்பளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த லல்லாவும், ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றாள். நான்கு பேர் கடவுளின் மரச்சிலையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். இன்றே முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

லைகோர்த்தாஸ் எழுந்தார். "மூணு வருஷம் கண்ண மூடிக்கிட்டோம். ஆனா பதவிக்கு வர்ற எவரையும் விசாரிக்காம உக்கார வைக்கக்கூடாதுன்னு சட்டம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கடவுளா இருந்தா என்ன?"

சபையில் பலத்த ஆமோதிப்பு. கடவுள் சார்பில் பூசாரி பதில் சொல்வார் என்று முடிவானது. பூசாரி ஒரு வாரமாகச் சிரிக்காதவர், அன்று கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"வேட்பாளரோட தகப்பனார் பேரு?"

"ஜீயஸ்."

"தாயார்?"

"லெட்டோ."

"ரெண்டு பேருக்கும் முறைப்படி கல்யாணம் ஆச்சா?"

பூசாரி தொண்டையைக் கனைத்தார். "நான் பொய் சொல்ல விரும்பலைங்க. ஜீயசுக்கு அப்பவே வீட்டுல ஒருத்தங்க இருந்தாங்க."

குமாஸ்தா மனதில் குறித்துக்கொண்டார், முதல் வரிக்குப் பெயர் இல்லாததால் ஏட்டைத் திறக்காமலே.

"குடும்பக் கல்லற எங்க இருக்கு?"

"கல்லற இல்லைங்க. அந்தக் குடும்பத்துல யாரும் சாகறதில்ல."

"கல்லறையே இல்லாத ஆளா?" என்று பின்வரிசையில் ஒருவர் பதறினார். "அப்ப எந்த ஊர்க்காரர்னு எப்படி நம்புறது?"

"பெத்தவங்கள மரியாதையா நடத்துறாரா?"

"அத ஏன் கேக்கறீங்க." பூசாரி இப்போது தாராளமாகிவிட்டார். "அப்பாவோட வேலைக்காரங்கள அடிச்சுக் கொன்னுட்டாரு. அப்பா கோவத்துல இவர ஒரு வருஷம் மனுஷன் ஒருத்தன்கிட்ட மாடு மேய்க்க அனுப்பினாரு. இவரும் மேய்ச்சாரு."

முறைதவறிப் பிறந்ததைக்கூட எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம். கூலிக்கு மாடு மேய்த்தவர் தலையில் ஆர்கிலேயாவின் மாலையை எப்படி வைப்பது?

லைகோர்த்தாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே அழுதார். "இப்படி ஒரு நாள் வரும்னு நான் நினைக்கல. கடவுளையே தகுதியில்லன்னு சொல்ற தைரியம் உலகத்துல எந்த சபைக்கு இருக்கு? நமக்கு இருக்கு. நம்ம பேரப்புள்ளைங்க இதப் பேசுவாங்க."

சிலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூசாரி பின்னால் துள்ளிக்கொண்டு போனார்.

கயிற்றுக்கு வெளியே லல்லா ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடவுளும் ஒருத்தனிடம் கட்டுப்பட்டு வேலை செய்திருக்கிறார். ஒரு வருஷம். அவருடைய வருஷம் முடிந்திருக்கிறது.

*

அதன்பிறகு பத்து நாள் பணக்காரர்களைத் தேடினார்கள். ஒருவர் காலில் கம்பளி சுற்றிக்கொண்டு வாதநோய் என்றார். கம்பளி பிலின்னா வீட்டுச் சரக்கு, லல்லாவே கொண்டுபோய்க் கொடுத்தது. காலை அளந்து சுற்றிவிட்டதும் அவள்தான், நோய் மறுநாள்தான் வந்தது. இன்னொருவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்ட படகில் அவர் வெளியூரில் இருந்தார். சாப்பாடு வேளாவேளைக்கு வீட்டிலிருந்து போயிற்று. அவரைக் கேட்டு வரச் சபை தூதுக்குழு அனுப்பியது. தூதுக்குழுவுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தேழாவது கடைசி நாளன்று யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. உயிரோடிருப்பவர்கள்தானே மறுக்கிறார்கள்?

பிலின்னாவின் புருஷன் ஹெகெசாந்தர் செத்து ஆறு வருஷமாகிறது. நல்ல வசதி. சபை அவரை முன்மொழிந்தது. விசாரணையில் அவர் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. பெற்றோர் முறைப்படி கல்யாணம் செய்தவர்கள். பெற்றோரோடு சண்டை உண்டா? ஆறு வருஷமாக ஒரு சத்தமில்லை, பக்கத்திலேயே படுத்திருக்கிறார். குடும்பக் கல்லறை எங்கே?

"அங்கதான் குடியிருக்காரு" என்றார் மிக்கியோன்.

சபை மெய்மறந்து கைதட்டியது. இப்படி ஒரு சுத்தமான வேட்பாளரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று இருவர் பேசிக்கொண்டார்கள். கயிற்றுக்கு வெளியே லல்லா விரல் விட்டு எண்ணினாள். இன்று முடிந்தால் இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. போதும். ஒரு நாள் இருந்தாலே போதும்.

விதவையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது முறை. செலவு அவளுடையது. பிலின்னா முன்னால் வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பெரியவங்க என் வீட்டுக்காரர மறக்காம இருக்கீங்களே, எனக்கு அது போதும். எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அவரு எதையும் சட்டுனு முடிவு பண்ற ஆள் இல்ல, உங்களுக்குத் தெரியும். எங்க கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே நாப்பது நாள் எடுத்துக்கிட்டாரு. இப்பவும் ஒரு நாப்பது நாள் யோசிக்க விடுங்க. அப்புறம் நானே வந்து அவரு என்ன சொல்றாருன்னு சொல்றேன்."

"நியாயம்" என்றார் லைகோர்த்தாஸ். "செத்தவங்க பேசாம இருக்காங்கங்கிறதுக்காக நாம அவசரப்படுத்தக்கூடாது. அதுக்குப் பேரு ஜனநாயகம் இல்ல."

நாற்பது நாள் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பிலின்னா உற்சாகமாக இருந்தாள். உப்புமீன் வாங்கினாள். லல்லாவின் கையிலிருந்த கூடையைக்கூட ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது நாளுக்கப்புறம் ஐயா என்னம்மா சொல்வாரு?" என்று கேட்டாள் லல்லா.

"மாட்டேன்னுதான் சொல்வாரு. உயிரோட இருந்தப்பவே ஒரு எருது வாங்கினதில்ல." பிலின்னா சிரித்தாள். பிறகு நின்று, லல்லாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சந்தையில் பூசணியைப் பார்க்கிற மாதிரி மெல்லத் தட்டினாள். "ஒதைச்சுக்கிட்டு இருக்கு பாரு. பொண்ணா இருந்தா நல்லது. சின்ன விரலுக்கு நூல் நல்லா வரும்."

"அம்மா, கல்லுல இருக்கிற மூணு வருஷம் ஆகிப்போச்சு."

"யாரு சொன்னா? பலகையப் போய்ப் படி. நீதான் படிச்சவளாச்சே." கோபமே இல்லாமல் சொன்னாள். "எதுக்குடி முகத்த இப்படி வெச்சுக்கற? வெளிய போய் என்ன செய்யப் போற? இங்க உனக்கு என்ன குற? புள்ளைக்கும் ஒரு பாய், ஒரு கிண்ணம் நான் குடுக்க மாட்டேனா? உன்ன என்ன நான் அடிச்சனா?"

"போன மாசம் தறிக்கட்டையால அடிச்சீங்க."

"அது கோவத்துல. அத எண்ணுவாங்களா?"

எண்ண வேண்டியதை எண்ணாதவர்களும், எண்ணக்கூடாததை முப்பத்தேழு வரை எண்ணியவர்களும் சேர்ந்து நடத்துகிற ஊர் அது. அன்று மாலை லல்லா துணி அலசப் போகிறேன் என்று ஆற்றங்கரைக்குப் போனாள். அலசி முடித்துத் திரும்பும்போது அவள் தலையில் போனதைவிட ஒரு மூட்டை குறைவாக இருந்தது.

*

ஆர்கிலேயாவில் கதியற்றவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒலிவக் கிளையில் வெள்ளைக் கம்பளியைச் சுற்றிச் சபைப் பலிபீடத்தில் வைத்தால், வைத்தவர் யாரானாலும் சபை காது கொடுத்தே ஆக வேண்டும். எழுதத் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும். அந்த வழியைச் சபை மிகவும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். கடைசியாக யாராவது அதைப் பயன்படுத்தியது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

முப்பத்தொன்பதாவது கடைசி நாள் காலையில் லல்லா கிளையை வைத்தாள். கம்பளி பிலின்னாவுடையது.

நடக்கவே மூச்சு வாங்கியது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள். பிலின்னா ஏதோ வாசனை பிடித்து முன்னமே வந்து ஓரத்தில் நின்றிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் லைகோர்த்தாஸ், குரலில் தேன் தடவி. "இந்த சபை ஏழைங்களுக்காகத்தான் இருக்கு."

"வருஷத்த முடிச்சு வைங்க ஐயா."

மண்டபம் சலசலத்தது. பலகையைப் படிக்கவில்லையா என்று யாரோ கேட்டார்.

"படிச்சேன். கோவில் சுவத்துல என்னைப் பத்தி எழுதினதையும் படிச்சேன். மூணு வருஷம்னு போட்டிருக்கு. நான் மூணு வருஷம் நூத்துட்டேன், மேல முப்பத்தொம்பது நாளும் நூத்துட்டேன். இன்னும் பத்து, பதினோரு நாள்ல எனக்குப் புள்ள பொறந்துரும். அதுக்குள்ள முடிச்சா அது என்னோடது. இல்லேன்னா அந்தம்மாவோடது. உங்க கடவுளே ஒருத்தன்கிட்ட ஒரு வருஷம் மாடு மேய்ச்சாருன்னு இங்கதான் சொன்னாங்க. அவர எந்த சபையும் நிறுத்தி வெக்கல. வருஷம் முடிஞ்சதும் அவுத்து விட்டாங்க. நான் அதுக்கு மேல கேக்கல."

அவள் அழுதிருந்தால் சபைக்கு வசதியாக இருந்திருக்கும். அழவில்லை. லைகோர்த்தாஸ் பக்கத்திலிருந்த இருவரோடு தலையைச் சேர்த்து ஆலோசித்தார். பிறகு எழுந்து நின்றார், கையை நீட்டினார், அங்கியின் மடிப்பு அழகாக விழும்வரை பொறுத்தார்.

"இந்தப் பொண்ணு பேச்சு என் நெஞ்ச உருக்கிருச்சு. ஆனா உருகுறது வேற, விட்டுக்குடுக்கிறது வேற. அம்மா, கடைசி நாள்ங்கிறது ஒரே நாள். அது இன்னும் முடியல. நாள் முடியலன்னா நேரம் நகரல. நேரம் நகரலன்னா உன் வயிறு எப்படி நகரும்? போன முழுநிலவு மாதிரி உன் வயிறும் முந்திக்கிட்டிருக்கு. நிலவுக்கு என்ன சொன்னமோ அதையேதான் இதுக்கும் சொல்றோம். புது வருஷம் வர்ற வரைக்கும் நீ பிரசவத்த நிறுத்தி வெக்கணும்னு இந்த சபை கேட்டுக்குது. உன்மேல இருக்கிற அக்கறையில சொல்றோம்."

கைகள் உயர்ந்தன. ஒருமனதாக நிறைவேறியது. முன்வரிசையில் ஒருவர், இதற்கு முன் எந்த ஊரும் கர்ப்பிணிகளுக்காக இவ்வளவு தெளிவான தீர்மானம் போட்டதில்லை என்றார்.

"கல்லுல வெட்டுவீங்களா?" என்று கேட்டாள் லல்லா.

"வருஷம் பொறந்ததும் வெட்டுவோம்."

"ஏட்டுலயாவது எழுதுவீங்களா?"

"எப்படிம்மா எழுத முடியும்? முதல் வரிக்குப் பேர் இல்லையே."

"எனக்குத்தான் அப்படியா, இல்ல யார் வந்து என்ன எழுதச் சொன்னாலும் இதே பதில்தானா?"

லைகோர்த்தாஸின் மார்பு விரிந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் சபைத்தலைவரானதே. "இங்க ஆள் பாத்துச் சட்டம் இல்ல. ஏழைக்கு எழுத மாட்டோம், பணக்காரனுக்கு எழுதுவோம்னு நெனைச்சியா? பேரில்லாத நாள்ல அரசனே வந்து நின்னாலும் ஒரு எழுத்து எழுத மாட்டோம். ஒரு முத்திர வெக்க மாட்டோம். மிக்கியோன், சரிதானே?"

"முத்திரையப் பொட்டியில வெச்சுப் பூட்டி முப்பத்தொம்பது நாளாச்சுங்க" என்றார் மிக்கியோன்.

"நல்லது ஐயா" என்றாள் லல்லா. "நீங்க சொன்ன வார்த்தைல நில்லுங்க."

பலிபீடத்திலிருந்து கிளையை எடுத்தாள். கம்பளியைச் சுற்று சுற்றாகப் பிரித்துப் பிலின்னாவின் கையில் கொடுத்தாள். கிளையை அங்கேயே போட்டுவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவசரப்படவில்லை. அவசரப்படவும் முடியாது.

"ஏய், எங்கடி போற? வீடு இந்தப் பக்கம்." பிலின்னா கம்பளியும் கையுமாகப் பின்னால் இரண்டடி வந்தாள். லல்லா வாசலில் பலகையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினாள், ஆற்று வாசலுக்குப் போகும் பக்கம். அப்போதுதான் பிலின்னாவுக்கு உறைத்தது. சபைக்குள் திரும்பி ஓடிக் குமாஸ்தாவின் மேசையில் கையால் தட்டினாள்.

"ஓடிப்போறா. என் ஆளு ஓடிப்போறா, வயித்துல என் புள்ளையோட. தெலோசாவுக்கு உடனே கடிதம் எழுதுங்க. முத்திர வெச்சுக் குடுங்க. சீக்கிரம்."

மிக்கியோன் லைகோர்த்தாஸைப் பார்த்தார். லைகோர்த்தாஸ் கூரையைப் பார்த்தார். சபை முழுதும் கூரையைப் பார்த்தது, அங்கே ஏதோ புதிதாகக் கட்டியிருக்கிற மாதிரி.

வெளியே தெருவில் லல்லாவுக்கு அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. பத்தொன்பதாவது கடைசி நாளன்று கேட்ட அதே குரல், கடலை மென்றுகொண்டே, ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல்.

"வருஷம் பொறந்ததும் வாங்கம்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை இரண்டு நாளாக ஆற்றோர நாணலுக்குள் இருந்தது.